வரைபட வாத்தியார் பதில்கள்: யாரும் வரையாத வட்டங்கள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "பெரும்பாலான நகரங்களை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை, அவை தாமாக வந்து உட்கார்ந்தவை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். போகிற போக்கில் எழுதிய வரி. அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், முப்பது வருடம் புவியியல் நடத்திய காலத்தில் வகுப்பில்கூட எனக்கு இத்தனை கை உயர்ந்ததில்லை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த முறை இதையே எடுத்துக்கொள்கிறேன். பருவக்காற்று பற்றியும் எரிமலை பற்றியும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"தாமாக வந்து உட்கார்ந்தவை என்கிறீர்கள். தானாக எதுவும் ஒழுங்காகாது சார். என் மேஜையே சாட்சி."
(ஒரு பொறியாளர்)

உங்கள் மேஜையில் கிடக்கும் காகிதங்களுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. மனிதர்களுக்கு உண்டு.

ஒரு சதுரங்கப் பலகையும், கறுப்பு வெள்ளைப் பொத்தான்களும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளைக் காலியாக விட்டு, மற்ற 60 கட்டங்களிலும் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வையுங்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு குடும்பம். அதற்கு ஒரே ஓர் ஆசை: சுற்றியிருக்கும் வீடுகளில் (மூலைவாட்டில் இருப்பவையும் சேர்த்து) மூன்றில் ஒரு பங்காவது தன் நிறமாக இருக்க வேண்டும். மீதி இரண்டு பங்கு வேறு நிறமாக இருந்தாலும் கவலையில்லை. தாராள மனசுதான். இப்போதைக்கு எல்லோருக்கும் திருப்தி, யாரும் நகர மாட்டார்கள்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு 20 பொத்தான்களை எடுத்துவிடுங்கள். காலிக் கட்டங்களில் 5 பொத்தான்களைக் கண்டபடி போடுங்கள். சிலருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு கிடைக்காமல் போயிருக்கும். அவர்களை மட்டும், அவர்கள் ஆசை நிறைவேறும் காலிக் கட்டமாகப் பார்த்து நகர்த்துங்கள். ஒருவர் கிளம்பியதும் அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணை குறையும். அவரும் கிளம்புவார். கொஞ்ச நேரத்தில் பலகை கறுப்புத் திட்டுகளாகவும் வெள்ளைத் திட்டுகளாகவும் பிரிந்துவிடும்.

தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் காசுகளை வைத்து இப்படிச் செய்து பார்த்து 1971இல் எழுதினார். (2005இல் அவருக்கு நோபல் கிடைத்தது மோதலையும் ஒத்துழைப்பையும் பற்றிய ஆய்வுகளுக்காக. எனக்கு என்னவோ இந்தப் பலகைதான் பெரிதாகத் தெரிகிறது.)

வகுப்பில் இதைப் பல தடவை செய்து காட்டியிருக்கிறேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், யாருமே பிரிஞ்சு போகணும்னு நினைக்கலையே. அப்புறம் யார் பிரிச்சது?" என்றான். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த மாதப் பக்கங்கள் முழுக்க அவனுக்குச் சேர வேண்டியவை.

"எந்தப் பயிர் எங்கே விளையும் என்பதை மண்ணும் மழையும் தீர்மானிக்கின்றன. இதில் தானாக ஒழுங்காவதற்கு என்ன இருக்கிறது?"
(ஒரு விவசாயி)

மண்ணும் மழையும் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று உங்களைப் போலவே ஒரு விவசாயி யோசித்தார். யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன். வட ஜெர்மனியில் டெல்லோ என்ற பண்ணையை 1810இல் வாங்கி, வரவு செலவை அணா பைசா விடாமல் எழுதிவைத்தவர். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 1826இல் ஒரு கற்பனை நாட்டைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். தட்டையான சமவெளி, எங்கும் ஒரே மண், நடுவில் ஒரே ஒரு நகரம். ஆறு இல்லை. எல்லாம் குதிரை வண்டியில்தான் போக வேண்டும்.

அப்படிப்பட்ட நாட்டிலும் நகரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பயிர்கள் பிரிந்துவிடும் என்றார். நகரத்தை ஒட்டி காய்கறியும் பாலும். அதற்கு அடுத்த வட்டத்தில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? காடு! என் மாணவர்களில் இதைச் சரியாகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. அன்றைக்கு அடுப்புக்கும் வீடு கட்டவும் மரம்தான். மரம் கனமான சரக்கு, விலையோ குறைவு. தூரத்திலிருந்து இழுத்து வந்தால் வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடும். அதனால் காடு நகரத்துக்குக் கிட்டே. அதைத் தாண்டித் தானியம், விளைவிக்கும் தீவிரம் குறைந்துகொண்டே போகும். கடைசி வட்டத்தில் கால்நடை. ஏனென்றால் மாடு தன் காலிலேயே சந்தைக்கு நடந்து வந்துவிடும்.

அவர் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் குதிரைத் தீவனம். வண்டியில் தானியம் ஏற்றிப் போனால், இழுக்கும் குதிரைகளும் போக வர அந்தத் தானியத்தையே தின்ன வேண்டும். அப்படியென்றால் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல், சந்தைக்குப் போய்ச் சேரும்போது விற்க ஒன்றும் மிஞ்சாது. நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு இது தோன்றாது.

வட்டங்களை யார் வரைந்தது? ஒருவருமில்லை. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதிகக் குத்தகை கொடுக்க முடிந்தவர் அதைப் பிடிக்கிறார், அவ்வளவுதான். அப்புறம் தூனனே அந்தச் சமவெளியில் படகு போகும் ஓர் ஆற்றையும் வரைந்து பார்த்தார். வட்டங்கள் ஆற்றோரமாக நீண்டுவிட்டன. வேலையைச் செய்தது மனிதர்களின் கணக்கு, அதன் உருவத்தை மாற்றியது ஆறு.

நீர்வழி எவ்வளவு மலிவு என்பதற்கு ஆடம் ஸ்மித் 1776இல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே ஆறு அல்லது எட்டு ஆட்கள் கப்பலில் கொண்டுபோய்க் கொண்டுவரும் சரக்கை, அதே காலத்தில் சாலை வழியாகக் கொண்டுபோக 50 பெரிய வண்டிகளும் 100 ஆட்களும் 400 குதிரைகளும் வேண்டும். உலக வரைபடத்தில் பெரிய ஊர்கள் ஏன் இத்தனை தண்ணீரோரமாக இருக்கின்றன என்று இனிமேல் தனியாக யாரும் கேட்க வேண்டியதில்லை.

"இத்தனை பேருக்கும் செய்தி சொல்வது யார்?"
(ஒரு தபால்காரர்)

விலை. உலகில் எங்கோ ஒரு மூலையில் வெள்ளீயத்துக்குப் புதிதாக ஒரு பயன் வந்துவிட்டது, அல்லது ஒரு சுரங்கம் மூடிவிட்டது. வெள்ளீயம் வாங்கும் மற்றவர்களுக்கு எது நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியது தெரிந்தால் போதும், சிக்கனமாகப் புழங்க ஆரம்பித்துவிடுவார்கள். பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் ஹயேக் 1945இல் சொன்ன உதாரணம் இது. உங்கள் துறைக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய தபால்: முகவரி இல்லை, கடிதமும் இல்லை.

"போன வருடம் நீங்கள் எழுதிய கடற்கரை ஐஸ் வண்டிக் கதை ஹோட்டலிங் சொன்னது இல்லை. அவர் கட்டுரையில் கடற்கரையே கிடையாது."
(ஓய்வு பெற்ற பொருளாதாரப் பேராசிரியர்)

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பொருளாதார அறிஞர் ஹரால்ட் ஹோட்டலிங் 1929இல் எழுதியது ஒரு நீளமான கடைத்தெருவைப் பற்றி. கடற்கரையும் ஐஸும் பிற்பாடு பாடம் நடத்தியவர்கள் சேர்த்துக்கொண்டவை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அந்தக் கதையைப் படிக்காதவர்களுக்காக: ஒரே ஒரு நீளத் தெரு. வாங்குபவர்கள் அதில் சீராகப் பரவியிருக்கிறார்கள். ஒரே சரக்கை ஒரே விலைக்கு விற்கும் இரண்டு கடைகள். வாங்குபவர் கிட்டே இருக்கும் கடைக்குப் போவார். தெருவின் கால் பங்கில் ஒன்று, முக்கால் பங்கில் ஒன்று என்று கடைகள் இருந்தால் யாரும் தெருவின் கால் பங்குக்கு மேல் நடக்க வேண்டாம். சராசரியாக எட்டில் ஒரு பங்கு நடந்தால் போதும். ஆனால் முதல் கடைக்காரர் நடுப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் அடுத்தவரின் வாடிக்கையில் கொஞ்சம் இவருக்கு வரும். அடுத்தவரும் நகர்வார். கடைசியில் இருவரும் தெரு நடுவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள். வியாபாரம் இருவருக்கும் பழையபடி பாதிப் பாதிதான். வாங்குபவர்களின் சராசரி நடையோ இரண்டு மடங்காகி, கால் பங்கு ஆகிவிட்டது.

ஆக ஒழுங்கு வந்தது, யாரும் திட்டமிடவில்லை, யாருக்கும் லாபமும் இல்லை! ஹோட்டலிங் இதே கணக்கில் அரசியல் கட்சிகள் ஏன் ஒன்றைப் போலவே ஒன்று பேசுகின்றன என்பதையும் விளக்கினார். அந்தப் பக்கம் நான் போகவில்லை. கடைக்காரர்கள் விலையையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், போட்டியில் விலை சரிந்துவிடுமே என்று பயந்து விலகி நிற்கவும் கூடும் என்று 1979இல் வேறு சிலர் காட்டினார்கள். பேராசிரியர் அதையும் சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

"ஒரே தொழில் ஏன் ஒரே ஊரில் குவிகிறது? அந்த ஊரில் அப்படி என்னதான் இருக்கிறது?"
(ஒரு நெசவாலைப் பணியாளர்)

பல நேரம் அந்த ஊரில் ஒன்றுமே இருக்காது. இருந்தது ஓர் ஆள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற சிறிய ஊர். அந்த நாட்டின் தரைவிரிப்புகளில் பெரும்பங்கு இன்றும் அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. ஏன் என்று பின்னோக்கிப் போனால் 1895இல் கேத்தரின் எவன்ஸ் என்ற பதின்வயதுப் பெண்ணிடம் போய் நிற்கிறோம். ஒரு கல்யாணப் பரிசுக்காக அவள் ஒரு படுக்கை விரிப்பு செய்தாள். தடித்த நூலைத் துணியில் தைத்து, மேலே கத்தரித்துவிட்டு, வெந்நீரில் அலசினால் துணி சுருங்கி நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குஞ்சம் குஞ்சமாக நிற்கும். பழைய கைவேலைதான், மறந்துபோயிருந்தது. பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். விற்க ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். அப்புறம் வண்டியில் துணியும் நூலும் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்து, தைத்ததைத் திரும்ப வாங்கி வரும் ஆட்கள் வந்தார்கள். ஃபுளோரிடா பக்கம் உல்லாசப் பயணம் போகிறவர்களின் கார்கள் அந்த வழியாகத்தான் போகும். சாலையோரத் துணிக்கொடிகளில் மயில் படம் போட்ட விரிப்புகள் தொங்கியதால் அந்தச் சாலைக்கு மயில் சந்து என்றே பெயர் வந்துவிட்டது. 1930களில் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்து இதற்கென்றே இயந்திரம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே முறையில் தரைவிரிப்பு.

அதற்குள் இயந்திரம் பழுதுபார்ப்பவர், சாயம் போடுபவர், அடித்துணி விற்பவர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். புதிதாகத் தரைவிரிப்பு ஆலை தொடங்க நினைப்பவர் வேறு எங்கே போவார்? அவர் போனதால் இன்னொரு சாயக்காரர் வந்தார். பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே இதைச் சொல்லிவிட்டார்: தொழில் குவிந்த இடத்தில் தொழில் ரகசியம் ரகசியமாக இருக்காது, காற்றில் கலந்திருக்கும், குழந்தைகள் தமக்கே தெரியாமல் கற்றுக்கொள்வார்கள் என்று. நீங்கள் ஆலையில் வேலை பார்ப்பவர், இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். பக்கத்து ஆலையில் புது இயந்திரம் வந்தால் உங்களுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்?

இதில் புவியியலின் பங்கு சின்னது, ஆனால் இல்லாமல் இல்லை. கார்கள் போகும் சாலை வேறு பக்கம் போயிருந்தால் அந்த விரிப்புகளை யார் பார்த்திருப்பார்கள்?

"முடிவாகச் சொல்லுங்கள். ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது புவியியலா, வரலாறா?"
(ஒரு கல்லூரி மாணவர்)

முடிவாகச் சொல்ல எனக்கும் ஆசைதான் தம்பி.

முதலில் புவியியலே இல்லாத உலகம் ஒன்றைப் பாரும். பால் குரூக்மன் (2008இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர்) கடிகார முகத்தைப் போல ஒரு வட்டத்தில் 12 இடங்களை வைத்தார். எல்லாம் ஒரே தரம். ஆலைகளைக் கிட்டத்தட்ட சமமாக, கொஞ்சம் முன்னே பின்னே தூவிவிட்டார். ஆலைக்கு இரண்டு இழுப்பு: வாங்குபவர்களும் மற்ற ஆலைகளும் இருக்கும் இடத்தில் இருந்தால் நல்லது, ஆனால் நிலத்தை விட்டு நகர முடியாத உழவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் விற்க வேண்டும். கணினியை ஓடவிட்டால் பெரும்பாலும் கடைசியில் இரண்டே மையங்கள் மிஞ்சின, வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில். அவை எந்த எண்களில் விழும் என்பதைத் தொடக்கத்தில் இருந்த அந்தச் சிறிய ஏற்ற இறக்கம் முடிவு செய்தது. உயிரணுக்களின் வளையத்தில் வடிவம் எப்படித் தானாகத் தோன்றும் என்று கணித மேதை ஆலன் டூரிங் 1952இல் போட்ட கணக்கும் இதற்கு உறவுக்காரன் மாதிரி. எத்தனை மையம், எவ்வளவு இடைவெளி என்பதை விதி சொல்கிறது. எந்த இடம் என்பதைச் சொல்லவில்லை. நிஜ உலகில் அந்த முதல் தள்ளலைக் கொடுப்பதுதான் ஆறும் துறைமுகமும் கணவாயும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கம் ஆறுகள் மேட்டு நிலத்திலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் இடங்களில் அருவிகள் உண்டு. கடலிலிருந்து வரும் படகு அதற்கு மேல் போகாது. சரக்கை இறக்கி, தோளில் சுமந்து, மேலே வேறு படகில் ஏற்ற வேண்டும். சுமக்க ஆள், வைக்கக் கிடங்கு, தங்க விடுதி, அப்புறம் அருவியால் ஓடும் ஆலை. ரிச்மண்ட், அகஸ்டா என்று ஊர்கள் வளர்ந்தன. ரயில் வந்ததும் அந்தச் சுமை தூக்கும் வேலை ஒழிந்துபோயிற்று. ஒழிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊர்கள் ஒழியவில்லை. ஹோய்ட் பிளீக்லி, ஜெஃப்ரி லின் என்ற இருவர் 2012இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள்: ஆற்றோரமாகவே பார்த்துக்கொண்டு போனால் அந்தப் பழைய இறக்குமிடங்களில் இன்றும் மக்கள் நெருக்கம் கூடுதல். ஜனங்கள் இருப்பதால் ஜனங்கள் இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வரலாறு உண்டு, இது எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. ரோமானியர்கள் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் ஊர்களை அமைத்தார்கள். படை நடக்கும் சாலைகளை மனதில் வைத்து அமைத்தவை நிறைய. ரோமப் பேரரசு சரிந்தபோது பிரிட்டனில் ஊர் வாழ்க்கையே அற்றுப்போனது. பிரான்ஸில் தேய்ந்தாலும் பிழைத்தது. சில நூற்றாண்டுகள் கழித்து வாணிபம் நீர்வழிக்கு மாறியது. பிரிட்டனில் புதிய ஊர்கள், படகு வரும் இடங்களாகப் பார்த்து முளைத்தன. பிரான்ஸிலோ பல ஊர்கள் பழைய ரோம இடங்களிலேயே இருந்துவிட்டன, படகு வராவிட்டாலும். எல்லாம் அழிந்த இடத்தில் ஊர்கள் நல்ல இடம் தேடிப்போயின, தப்பிப் பிழைத்த இடத்தில் பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டன. பிழைத்ததே தண்டனை மாதிரி.

அழிந்தால் இடம் மாறிவிடுமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எந்த நிலையில் இருந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டொனால்ட் டேவிஸ், டேவிட் வைன்ஸ்டைன் இருவரும் ஜப்பானிய நகரங்களின் மக்கள்தொகையைத் தொடர்ந்து பார்த்தார்கள். குண்டு விழுந்த நகரங்கள், இந்த இரண்டும் உட்பட, சில பத்தாண்டுகளில் போருக்கு முந்தைய வளர்ச்சிப் பாதைக்கே திரும்பிவிட்டன. இங்கே இடம் ஜெயித்தது.

சரி, அப்படியானால் புவியியல்தான் என்று எழுதிக்கொள்ளாதீர். போருக்கு முன் ஜெர்மனியின் முதன்மை விமான நிலையம் பெர்லினில் இருந்தது. நாடு பிரிந்தபின் அந்தப் பங்கு பிராங்க்ஃபர்ட்டுக்குப் போயிற்று. 1990இல் நாடு ஒன்று சேர்ந்தது, பெர்லின் மறுபடி தலைநகரம். விமானங்களோ பிராங்க்ஃபர்ட்டை விட்டு வரவில்லை. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் இரண்டையும் எழுதும். மதிப்பெண் போடுபவர் என்னைப் போன்றவராக இருந்தால் தப்பிப்பீர்.

"தானே ஒழுங்காகும் என்றால் திட்டமிடுபவர்கள் எதற்கு? அரசு எதற்கு?"
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி)

பொத்தான் பலகையை மறந்துவிட்டீர்களே அம்மா. அங்கே வந்த ஒழுங்கு யாரும் விரும்பாத ஒழுங்கு. கடைத்தெருவில் வந்ததும் அப்படித்தான். தானாக வந்தது என்பதால் நல்லது என்று நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் 1933இல் தென் ஜெர்மனியின் ஊர்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். அன்றாடம் வேண்டியதை விற்கும் சிற்றூர்கள் நெருக்கமாகவும், எப்போதாவது வேண்டியதைத் தரும் பெரிய ஊர்கள் தூரம் தூரமாகவும் இருந்தன. ஒவ்வொன்றின் எல்லையையும் வட்டமாக வரைந்தால் இடையில் சந்து விழும், இல்லையேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சந்தில்லாமல் அடுக்கினால் தேன்கூடு மாதிரி அறுகோணம். அழகான யோசனை. யாரும் சொல்லாமல் வந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர், அடுத்து செய்த காரியம் அதை மற்றவர்கள்மேல் திணிக்கக் கிளம்பியது. நாஜிக் கட்சியில் சேர்ந்து, நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரின் திட்ட அலுவலகத்துக்காக, ஆக்கிரமித்த போலந்தில் யாரை அகற்றி எங்கே எந்த ஊரை வைப்பது என்று அறுகோணம் வரைந்தார். அதே அறுகோணங்களை இன்னும் ஆழமாக ஆராய்ந்து 1940இல் புத்தகம் எழுதிய ஆகஸ்ட் லோஷ் நாஜிகளோடு சேர மறுத்தவர். போர் ஓய்ந்த சில வாரங்களில், 38 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார். வகுப்பில் அறுகோணத்தை வரைந்துவிட்டு இந்த இரண்டு பேரையும் பற்றிச் சொல்லாமல் நான் விட்டதே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று மேலதிகாரி ஒருவர் குறைபட்டுக்கொண்டதுண்டு.

ஆணையிட்டு வைத்த ஊர்களுக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால், ரஷ்யாவில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே வோர்குட்டா. 1930களில் நிலக்கரிக்காகக் கைதிகளை வைத்து உருவாக்கியது. பிற்பாடு சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 1989இல் 1 லட்சத்து 15 ஆயிரம் பேர் இருந்தார்கள். சோவியத் போனது, மானியம் போனது. 2021 கணக்கெடுப்பில் பாதி அளவே மிச்சம்.

திட்டமிடுபவருக்கு வேலை உண்டு. பாலம் எங்கே, துறைமுகம் எங்கே, ரயில் நிலையம் எங்கே என்பது முதல் தள்ளல். அதற்குப் பிறகு ஜனங்கள் சேர்ந்துவிட்டால் நகர்த்துவது பெரும்பாடு. ஆகவே அந்த முதல் முடிவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளட்டும்.

"நகரங்களின் மக்கள்தொகையில் ஏதோ கணக்கு இருக்கிறதாமே?"
(ஒரு வங்கி ஊழியர்)

உண்டு. இரண்டாவது நகரம் முதல் நகரத்தில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒன்று, இப்படியே போகும். ஜார்ஜ் ஸிப்ஃப் பெயரில் வழங்குகிறது. அவருக்கு முன்பே 1913இல் ஃபெலிக்ஸ் அவுவர்பாக் கவனித்திருந்தார். அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பைப் பாருங்கள்: நியூயார்க் 88 லட்சம். விதிப்படி அடுத்தவை 44, 29, 22, 18 லட்சம் இருக்க வேண்டும். இருப்பவை லாஸ் ஏஞ்சலிஸ் 39, சிகாகோ 27, ஹூஸ்டன் 23, ஃபீனிக்ஸ் 16. மோசமில்லை. எல்லா நாட்டுக்கும் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தாது. வங்கிக் கணக்கை இதை வைத்துச் சரிபார்க்க வேண்டாம்.

"இணையம் வந்தபின் தூரம் செத்துவிட்டது. இந்தப் பாடமெல்லாம் பழங்கதை."
(ஒரு மென்பொருள்காரர்)

பங்குச் சந்தைக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். விலைச் செய்தி யாருக்கு முதலில் வருகிறதோ அவருக்குத்தான் அங்கே லாபம். சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏற்கெனவே இருந்த கம்பிவடங்கள் ரயில் பாதைகளை ஒட்டி வளைந்து போகின்றன என்று, முடிந்தவரை நேர்கோட்டில், மலையைக் குடைந்து ஒரு தனி வடம் போட்டார்கள். 2010இல் முடிந்தது. செய்தி போய்வர சுமார் 13 மில்லிவினாடி (வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிவினாடி). மிச்சமானது மூன்று நான்கு மில்லிவினாடி, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளி.

இன்னும் வேடிக்கை, சந்தையின் கணினிக்குப் பக்கத்திலேயே தங்கள் கணினியை வைக்கப் போட்டி. உள்ளேயும் யாருக்கும் அநியாயம் ஆகக்கூடாது என்று எல்லோருக்கும் ஒரே நீளக் கம்பி அளந்து கொடுக்கிறார்கள். ஐஇஎக்ஸ் என்ற சந்தை ஒரு படி மேலே போய், சுமார் 61 கிலோமீட்டர் கண்ணாடி இழையைச் சுருட்டி ஒரு பெட்டியில் வைத்து, வரும் ஆணைகளெல்லாம் அதைச் சுற்றிவிட்டு வரட்டும் என்றது. 350 மைக்ரோவினாடி தாமதம், அதாவது ஒரு மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவு. தூரத்தைப் பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். செத்த பிணத்தை இவ்வளவு பத்திரமாக யாரும் பாதுகாப்பதில்லை.

"தாத்தா, மனுஷங்க இல்லாம வேற உயிர்களும் இப்படி ஊர் அமைக்குமா?"
(ஏழாம் வகுப்பு மாணவன்)

ஊர் அமைக்காது கண்ணா, பாதை போடும். சளிப்பூஞ்சை என்று ஓர் உயிர். பெயரில்தான் பூஞ்சை. மூளை கிடையாது, நரம்பு கிடையாது. 2010இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு தட்டில் டோக்கியோவைச் சுற்றியுள்ள 36 ஊர்களின் இடங்களில் ஓட்ஸ் வைத்து, டோக்கியோ இருக்கும் இடத்தில் பூஞ்சையை விட்டார்கள். முதலில் எல்லாப் பக்கமும் பரவியது. அப்புறம் உணவு ஓடாத குழாய்கள் மெலிந்து மறைந்தன, நிறைய ஓடியவை தடித்தன. சுமார் ஒரு நாளில் ஓட்ஸுகளை இணைத்து ஒரு வலை. பொறியாளர்கள் பல ஆண்டு யோசித்துப் போட்ட டோக்கியோ ரயில் பாதைகளோடு ஒப்பிடும்படி இருந்தது.

மலையும் நீர்நிலையும் இருக்கும் இடத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இந்தப் பூஞ்சைக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் வரைபடத்தில் மலை இருக்கும் இடத்தில் வெளிச்சம் பாய்ச்சினார்கள். அது சுற்றிக்கொண்டு போனது, ரயில் போவது மாதிரியே.

பூஞ்சை கிடைக்கவில்லை என்றால் பொத்தான் பலகையில் ஆரம்பி. 60 பொத்தான் வேண்டும். அப்பா சட்டையிலிருந்து பிய்க்காதே.